கோப்பி ஓ சூட்டில் ஓடாத இன்ஜின்: பட்டறைக் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பினாங்கு, பட்டர்வொர்த் பக்கமிருந்து, மீதி கோலாலம்பூர். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, சுடுநீர்க் கோப்பையின் மேல் வைத்தால் ஓடும் ஸ்டர்லிங் இன்ஜின் கிட் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். காணொளியில் அருமையாக ஓடுகிறது. என் வகுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. முதலில் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி), அப்புறம் கொதிநீர், இரண்டும் பார்த்தாயிற்று. – ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

பதில்: டீச்சர், உங்கள் கொதிநீரில் குறையில்லை. இந்த இன்ஜின் கீழ்த் தட்டு எவ்வளவு சூடு என்று பார்ப்பதில்லை, கீழ்த் தட்டுக்கும் மேல் தட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றுதான் பார்க்கிறது. காணொளி எடுத்தவர் 18 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் வகுப்பறை 32 டிகிரி. கீழே 90 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வெப்பத்திலிருந்து வேலையாக மாற்றக்கூடிய உச்ச வரம்பு அவருக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு, உங்களுக்கு 16. (கெல்வினுக்கு மாற்றி, குளிர்ந்த பக்கத்தைச் சூடான பக்கத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் வரும்.) இந்தப் பொம்மைகள் அந்த வரம்பில் ஒரு துளியைத்தான் எட்டுகின்றன, அதனால் நாலு விழுக்காடு குறைந்தாலே வலிக்கும்.

ஆனாலும் ஊர்ச் சூட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. 58 டிகிரி வித்தியாசத்தில் ஒழுங்காகப் பூட்டிய இன்ஜின் ஓடத்தான் வேண்டும். உராய்வு எங்கோ இருக்கிறது. உள்ளே மேலும் கீழும் போகும் அந்த நுரைத் தட்டு சுவரை எங்காவது தொடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னப் பிஸ்டனில் எண்ணெய் போட்டிருந்தால் துடைத்துவிடுங்கள்; கிராஃபைட் பிஸ்டனும் கண்ணாடி உருளையும் காய்ந்து சுத்தமாக இருந்தால்தான் வழுக்கும், விரல் பட்ட பிசுக்கே போதும் நிறுத்துவதற்கு. கோப்பையின் விளிம்பும் கீழ்த் தட்டும் இடைவெளியில்லாமல் பொருந்தட்டும். நீராவி தட்டின் அடியில் படிந்து நீராகும்போதுதான் சூடு வேகமாக ஏறும். வைத்தவுடன் தட்டிவிடாமல் ஒரு நிமிடமாவது பொறுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, மேல் தட்டில் ஐஸ் கட்டி இரண்டை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், சக்கரத்தில் தண்ணீர் சொட்டாமல். வித்தியாசம் 90 டிகிரியை நெருங்கும், வரம்பு 25 விழுக்காட்டுக்குப் போகும், இன்ஜின் துள்ளும். அது நன்றாக ஓடிப் பழகிய பின் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம்: சுடுநீரை எடுத்துவிட்டு, கோப்பை நிறைய ஐஸ் போட்டு அதன் மேல் இன்ஜினை வையுங்கள். இப்போது நம் வகுப்பறைக் காற்றுதான் சூடான பக்கம், ஐஸ்தான் குளிர்ந்த பக்கம், சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். நம் ஊர்ச் சூடே இன்ஜினை ஓட்டுகிறது என்று சொன்னால் பின்வரிசைப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தில் பாதிரியாராக இருந்த ராபர்ட் ஸ்டர்லிங் இதைக் கண்டுபிடித்தது 1816இல், அதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் ஒரு சின்ன விமான இன்ஜின் கிடைத்தது. பக்கவாட்டில் 40 என்று போட்டிருக்கிறது. ஷாஃப்ட் அசையவே இல்லை. மேலே பிளக் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு வயரும் இல்லை, இக்னிஷன் காயிலும் இல்லை. தொலைந்திருக்கும் என்றார் விற்றவர். ஓட வைக்க முடியுமா? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: தம்பி, ஒன்றும் தொலையவில்லை. அது குளோ பிளக். அதில் தீப்பொறி பறக்காது. உள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் இருக்கிறது. தொடங்கும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்தால் பழுக்கும், ஓட ஆரம்பித்த பிறகு எரிபொருளிலுள்ள மெத்தனால் ஆவி அந்தப் பிளாட்டினத்தில் பட்டு வினைபுரிந்து, அமுக்கத்தின் சூடும் சேர்ந்து, அதைத் தானாகவே பழுத்த நிலையில் வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிடலாம். கார் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கம்பி அந்த நொடியே போய்விடும், அது மட்டும் வேண்டாம். மேலே பிளக்குக்குப் பதில் திருகும் கைப்பிடி போல டி வடிவக் கம்பி இருந்தால் அது மாடல் டீசல், அதன் எரிபொருளே வேறு: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஓடாது.

40 என்பது 0.40 கன அங்குலம், அதாவது 6.5 சிசி. நல்ல அளவு.

ஷாஃப்ட் இறுகியிருப்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் விளக்கெண்ணெய். பழைய எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். பல வருடம் கிடந்தால் கோந்தாகக் காய்ந்து பிஸ்டனை ஒட்டிவிடும். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு ஷாஃப்ட்டைப் பிளையரால் கடித்துத் திருகுகிறார்கள், இல்லையென்றால் புகைபோகும் வாசல் வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு பிஸ்டனை நெம்புகிறார்கள். பிஸ்டனில் ஒரு கீறல் விழுந்தால் அமுக்கம் போய்விடும், அப்புறம் அது அலமாரி பொம்மைதான்.

பிளக்கையும் பின்மூடியையும் கழற்றுங்கள். ஆட்டோ கியர் எண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ உள்ளே விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் வெளியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் கை வைக்க முடியாத அளவு, 100, 120 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கோந்து இளகும், அலுமினிய உடலும் விரியும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய மர விசிறியை ஷாஃப்ட்டில் பூட்டி, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். அசையத் தொடங்கியதும் நிறுத்தி மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. முழுச் சுற்று வரும்வரை இதே கதைதான், அவசரமில்லை.

சுற்றும்போது கரகரவென்று மணல் அரைப்பது போலிருந்தால் பேரிங் துருப்பிடித்துவிட்டது என்று பொருள். நம் தீவில் இது மிகச் சாதாரணம், ஏனென்றால் மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எரிந்தாலும் தண்ணீரைத்தான் விட்டுச்செல்லும், ஓட்டி முடித்தவர் அப்படியே பெட்டியில் போட்டு மூடியிருப்பார். பேரிங்கின் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு பேரிங் கடைக்குப் போங்கள், அதே அளவில் கிடைக்கும். இன்ஜின் பெயரைச் சொல்லித் தேடினால் விலை மூன்று மடங்காகும். இனிமேல் ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் தொட்டியைக் காலி செய்து, உள்ளே மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்துவிட்டு, காற்று வாயில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வையுங்கள்.

மெத்தனாலைப் பற்றி ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2018இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவால் பலர் இறந்தார்களே, அந்த விஷம் இதுதான். குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். அதன் தீச்சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரியவில்லை என்று நினைத்துக் கை வைப்பார்கள்.

முதல் ஓட்டத்துக்கு இன்ஜினைத் தடித்த மரக்கட்டையில் போல்ட் போட்டு, மரத்தை மேசையோடு கிளாம்ப்பால் இறுக்கி, 10க்கு 6 அங்குல விசிறி போட்டு, எண்ணெய் அதிகமுள்ள எரிபொருளில், எரிபொருள் ஊசியைத் தாராளமாகத் திறந்து வைத்துத் தொடங்குங்கள். விரலால் சுற்ற வேண்டாம், குச்சியால் தட்டுங்கள். விசிறிக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. அடுக்குமாடி வீடென்றால் பால்கனியில் முயல வேண்டாம், கீழ்வீட்டாரை நினைத்தாவது.

கேள்வி: வெளிச்சத்தை வைத்து விசிறிச் சுற்றை எண்ணும் டாக்கோமீட்டர் வாங்கினேன். இன்ஜினே ஓடாதபோதும் பட்டறையில் 3000 காட்டுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா? – பிறை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள், அது மிகச் சரியாக வேலை செய்கிறது! உங்கள் மேலே குழல் விளக்கு எரிகிறது அல்லவா? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய வகை குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும், நிமிடத்துக்கு 6000. மீட்டர் இரண்டு இறக்கை விசிறி என்று நினைத்து இரண்டால் வகுக்கிறது. காசில்லாமல் கிடைத்த சோதனை அது. 3000 காட்டாமல் 2900 காட்டியிருந்தால்தான் கவலை. இன்ஜினை அளக்கும்போது மட்டும் வெளியில் பகல் வெளிச்சத்துக்குப் போங்கள்.

கேள்வி: பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரிலிருந்து எல்எம்317 என்ற வோல்டேஜ் குறைக்கும் ஐசியை வைத்து 5 வோல்ட் எடுத்தேன். 1 ஆம்பியர் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் வோல்டேஜ் விழுகிறது, கொஞ்சம் ஆறினால் திரும்ப வருகிறது. ஐசி போலியா? – தொழிற்சாலை டெக்னீஷியன், பாயான் லெப்பாஸ்

பதில்: போலி என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். சூடு தாங்காமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது, ஐசிக்குள்ளேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 19 கழித்தல் 5, 14 வோல்ட். 1 ஆம்பியரில் 14 வாட். 5 வாட் வேலைக்கு 14 வாட் வெறும் சூடு. சின்ன அலுமினியத் தகடு இதற்குப் பத்தாது, அதுவும் ஜிங்க் கூரைக்குக் கீழே மத்தியானம் உட்கார்ந்து வேலை செய்தால்.

எல்எம்317க்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் 3 வோல்ட் இடைவெளியில் இருந்தாலே நிம்மதி. ஆகவே முன்னால், அதிகச் சூடாகாமல் வோல்டேஜை இறக்கும் பக் மாட்யூல் ஒன்றைப் போட்டு 19ஐ 8க்கு இறக்குங்கள், அப்புறம் எல்எம்317 அதை 5 ஆக்கட்டும். அதில் மிஞ்சுவது 3 வாட் சூடுதான், உள்ளங்கை அளவு ஹீட்சிங்க் தாங்கும், பக் மாட்யூலின் இரைச்சலும் பாதி வடிகட்டப்படும். மோட்டார், எல்இடி மாதிரி சாமானுக்கு இந்தச் சுத்தமெல்லாம் தேவையில்லை, பக் மட்டுமே போதும். எல்எம்2596 என்று எழுதிய மாட்யூல் 3 ஆம்பியர் தரும் என்பார்கள். விலை மலிந்தவற்றில் பாதியளவுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளிலிருந்து இதே மாதிரி வேலைக்குப் பழைய கணினி பவர் சப்ளையைத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் தொடங்கிவிடும், சிவப்பில் 5, மஞ்சளில் 12. ஆனால் பெட்டியைத் திறக்காமல் செய்யுங்கள். 230 வோல்ட் ஏசியை நேராக்கி உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி சேர்த்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும்.

கேள்வி: பித்தளை வாப்லர் (உருளையே ஆடி ஓடும்) ஸ்டீம் இன்ஜின் செய்து முடித்துவிட்டேன். பாய்லருக்கு பால் டின்னை எடுத்து, சாதாரண சால்டரால் ஒட்டலாமா? – கெப்போங் வாசகர்

பதில்: கூடாது. எலெக்ட்ரானிக் சால்டர் 183 டிகிரியில் உருகும். 3 பார் அழுத்தத்தில் நீராவியே 144 டிகிரி. உருகுவதற்கு வெகு முன்பே சால்டர் பலமிழந்துவிடும், தண்ணீர் வற்றிவிட்டால் உருகியே போகும். நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பாய்லர் என்றால் செம்புக் குழாய், வெள்ளிப் பற்றவைப்பு, பாதுகாப்பு வால்வு, அப்புறம் ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கில் குளிர்ந்த நீர் வைத்துச் சோதனை; காற்று வைத்துச் சோதிக்கவே கூடாது. இதெல்லாம் இல்லாமல் இன்ஜின் ஓடிப் பார்க்க ஆசையென்றால் டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரெசர் போதும். 1 பாரிலேயே வாப்லர் குதித்து ஓடும், இரண்டு சொட்டு எண்ணெய் மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன், என்னிடம் கோர் 2 டுவோ மடிக்கணினி, 2 ஜிபி ரேம். பட்டறை மேசையில் வைத்து வரைபடம் பார்க்க, ஆர்டுவினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டுக்கு புரோகிராம் ஏற்ற, பாட்டு கேட்க. விண்டோஸ் 10 நகரவே மாட்டேன் என்கிறது. இலேசான லினக்ஸ் எது? ஒருவர் ஆன்டிஎக்ஸ் என்கிறார், இன்னொருவர் லுபுண்டு என்கிறார். – செபராங் ஜெயா வாசகர்

செந்தூலிலிருந்தும் இதே மாதிரி ஒரு கேள்வி, அவருடையது ஆட்டம் என்270 பிராசசர் போட்ட நெட்புக்.

பதில்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, ஆகவே மாறுவதற்கு இது நல்ல நேரம்தான். ஆனால் எந்த லினக்ஸ் என்று கேட்பதற்கு முன் உங்கள் இருவரின் கணினியும் ஒரே இனமல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோர் 2 டுவோ 64 பிட். ஆட்டம் என்270 வெறும் 32 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் கணினியில் நிறுவுவதற்கான வழியையே எடுத்துவிட்டார்கள். செந்தூல்காரருக்கு டெபியன் 12ஐ ஒட்டி வந்த ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பு பொருந்தும், ஆனால் பிரவுசர்கள் 32 பிட்டைக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன. அந்த நெட்புக்கை இணையத்துக்குக் கொண்டுபோகாமல், டாக்கோமீட்டர் எண்களைப் பதிவு செய்யவும் வரைபடம் காட்டவும் வைத்துக்கொள்ளுங்கள்.

செபராங் ஜெயா தம்பிக்கு வருகிறேன். எந்த டெஸ்க்டாப் இலேசு என்று ஆட்கள் சண்டை போடுவதில் பாதி வீண். ஐஸ்டபிள்யூஎம் என்ற இலேசான ஜன்னல் நிர்வாகியோடு வரும் ஆன்டிஎக்ஸ், தொடங்கியவுடன் 200 எம்பி அளவில் நிற்கும். எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப் வைத்த லுபுண்டுவோ எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்த டெபியனோ அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு எடுக்கும். பெரிய வித்தியாசம் போலத் தெரிகிறது, அப்புறம் பிரவுசரைத் திறந்து ஒரு காணொளியை ஓட விடுகிறீர்கள், எல்லா வித்தியாசமும் அதில் கரைந்துபோகிறது. மெமரியைத் தின்பது டெஸ்க்டாப் அல்ல, பிரவுசர்தான்.

அதனால் என் யோசனை இது. ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பழைய ரேம் விற்கும் கடை பிராங்கின் மால் பக்கமோ லோ யாட் பக்கமோ தேடினால் கிடைக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், மிகச் சின்னதே போதும். இந்த இரண்டும் செய்த பிறகு டெபியன் எக்ஸ்எஃப்சிஇ போட்டால் உங்களுக்குத் தாராளம். எக்ஸ்எஃப்சிஇ 1996இல் தொடங்கியது, இன்றுவரை முகத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு வந்து உட்காரும்போது மெனு போன இடத்திலேயே இருந்தால் அது பெரிய நிம்மதி. ரேமுக்குக் காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஆன்டிஎக்ஸ் போடுங்கள், தப்பில்லை, ஆனால் அதன் அமைப்புகளைப் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எதைப் போட்டாலும் இசட்ரேம் வசதியை இயக்கிவிடுங்கள். மெமரி நிறையும்போது அதை டிஸ்க்குக்குத் தள்ளாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும்.

முதலில் யுஎஸ்பி குச்சியிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்த பின் நிறுவலாம்.

ஆர்டுவினோவில் இரண்டு இடத்தில் முட்டிக்கொள்வீர்கள், முன்கூட்டியே சொல்கிறேன். போர்டு தெரிகிறது, ஏற்ற அனுமதியில்லை என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். இன்னொன்று, சிஎச்340 சிப் போட்ட மலிவு போர்டுகள் உபுண்டு 22.04 குடும்பத்தில் செருகியவுடன் தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோர் பிரெயில் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அந்தப் போர்ட்டைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அதை நீக்கிவிடலாம். ஆர்டுவினோ மென்பொருளின் இரண்டாம் பதிப்பு எலெக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டியது, இந்தக் கணினிக்குக் கனம். பழைய 1.8.19 போதும். வரைபடத்துக்கு லிப்ரேகேட் பாருங்கள், இரு பரிமாணம் மட்டும் வேண்டியவருக்கு ஃப்ரீகேட் தேவையில்லை.

மடிக்கணினியைக் கிரைண்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். இரும்புத் தூளை விசிறி உறிஞ்சும், போர்டில் விழும் ஒரு துகள் போதும்.

கேள்வி: பேரலல் போர்ட் உள்ள பழைய மேசைக் கணினியை வைத்து, மெஷின்களைக் கணினியால் இயக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் சின்ன மில்லிங் மெஷினை ஓட்டலாமா? எவ்வளவு வேகமான பிராசசர் வேண்டும்? – ஜெலுத்தோங் வாசகர்

பதில்: ஓட்டலாம். இங்கே பிராசசரின் வேகத்தைவிட அது நேரம் தவறாமல் வருகிறதா என்பதுதான் கணக்கு. ஸ்டெப்பர் மோட்டாருக்குப் போகும் ஒவ்வொரு துடிப்பையும் கணினியே நேரம் பார்த்து அனுப்புகிறது. அது கொஞ்சம் தாமதித்தால் மோட்டார் படியைத் தவறவிடும். லினக்ஸ்சிஎன்சியோடு இந்தத் தாமதத்தை அளக்கும் லேட்டன்சி சோதனை ஒன்று வருகிறது. அதை ஓட விட்டுவிட்டு ஜன்னல்களை இழுத்து, பெரிய கோப்புகளை நகலெடுத்து, கணினியைத் தொந்தரவு செய்யுங்கள். அதிகபட்சம் 20 மைக்ரோ நொடிக்குள் இருந்தால் அருமை, 50 வரை சமாளிக்கலாம், 100ஐத் தாண்டினால் அந்தக் கணினி இந்த வேலைக்கு ஆகாது. நிறுவுவதற்கு முன்பே குச்சியிலிருந்து இதைப் பார்த்துவிடலாம். மடிக்கணினிகள் பெரும்பாலும் இதில் தோற்கும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வேலை பின்னால் நடந்துகொண்டே இருப்பதால்.

கேள்வி: மினி லேத் வாங்கி பிளாஸ்டிக் உறை போட்டு மூடித்தான் வைக்கிறேன். ஆனாலும் தண்டவாளம் மாதிரி இருக்கும் அந்தப் படுக்கைப் பகுதியில் துரு. வீடு கடற்கரைப் பக்கம். – தஞ்சோங் பூங்கா வாசகர்

பதில்: அந்த உறைதான் வினை. பகல் முழுக்க ஈரக் காற்றை உள்ளே பிடித்து வைக்கிறது, விடியற்காலை இரும்பு குளிரும்போது அந்த ஈரம் அப்படியே படிகிறது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு பருத்தித் துணி போடுங்கள். துணிக்குள்ளே, எரியும் சாமான் எதிலும் படாமல், 15 வாட் பழைய மாதிரி பல்பு ஒன்று எப்போதும் எரியட்டும். இரும்பு அறைக் காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்தாலே பனி படியாது. எல்இடி வேண்டாம், அதில் சூடு பத்தாது. வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து 68 எண் ஸ்லைடுவே எண்ணெய் மெல்லிசாகத் தடவுங்கள். கை வியர்வையும் உப்புதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: அதே அறையில் ஆசிட் ஃப்ளக்ஸ், குளியலறை கழுவும் அமிலம், குளோரின் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும், ஒரே வாரத்தில் எல்லா இரும்பும் பழுப்பாகும். வெளியே கொண்டுபோய் வையுங்கள். பழைய ஆட்கள் கருவிப் பெட்டியில் கற்பூரம் போடுவார்கள். போடுங்கள், மணமாவது இருக்கும், ஆனால் அதை நம்பி எண்ணெயை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். நம் நாட்டு நீராவி ரயில் ஒன்றை மாடலாகச் செய்ய ஆசை. கடைகளில் கிடைக்கும் தண்டவாள அளவுகள் குழப்புகின்றன. – செந்தூல் வாசகர்

பதில்: நம் பாதை மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். ஆங்கிலேய மாடல்களுக்கென்று விற்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் பாதைக்கானது, அதில் நம் ரயிலை வைத்தால் உருவம் சரியாக வராது. தோட்டத்து ரயிலுக்கென்று விற்கும் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வாங்குங்கள், 1:22.5 என்ற விகிதத்தில் வரையுங்கள். 45ஐ 22.5ஆல் பெருக்கினால் 1012, கிட்டத்தட்ட நம் பாதையேதான். இந்த அளவில் உண்மையான நீராவியிலேயே ஓட்டலாம். வீட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் 1:87இல் 12 மில்லிமீட்டர் தண்டவாளம், அது மின்மோட்டார்தான். அப்பா இருந்தால் சக்கரங்களின் அமைப்பை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வரைபடம் தேடுவதைவிட அது வேகம்.

கேள்வி: லுபுண்டுவில் தமிழ் எப்படித் தட்டச்சு செய்வது? இத்தனை வருடமும் அஞ்சல் என்ற விசைப்பலகை முறையில் பழகிவிட்டேன். – பினாங்கு வாசகர்

பதில்: தட்டச்சு மொழியை மாற்ற உதவும் ஐபஸ், அதோடு பல மொழி விசை முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு, இரண்டையும் நிறுவிவிட்டு உள்ளீட்டு முறையில் தமிழைச் சேருங்கள், அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை என்று பலவும் வரும். நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சலில் பழகிய விரலுக்கு ஒலிபெயர்ப்பு முறைதான் பக்கம், ஆனால் சில எழுத்துகளுக்கு விசை வேறு மாதிரி இருக்கும், ஒரு வாரம் தடுமாறுவீர்கள். எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் நோட்டோ எழுத்துருத் தொகுப்பைச் சேருங்கள். வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் ஐபஸ் விழிக்கும்.